ஒரே வெள்ளிக்கிழமை, இரண்டு அப்பாக்கள்

2025 ஜூலை 4, வெள்ளிக்கிழமை. ‘3பிஎச்கே’, ‘பறந்து போ’ இரண்டும் அன்றைக்குத்தான் தியேட்டருக்கு வந்தன. முதல் படத்தில் ஒரு குடும்பமே சொந்த வீட்டுக்குள் நுழைய வருஷக்கணக்கில் தவம் கிடக்கிறது. அடுத்த படத்தில் ஒரு எட்டு வயசுப் பையன் பூட்டின வீட்டிலிருந்து எப்படியாவது வெளியே போய்விட வேண்டும் என்று குதிக்கிறான். யாரும் கூடிப் பேசி ஒரே நாளில் வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் அடுத்தடுத்துப் பார்த்த எனக்கு ஒரே கதையின் முதல் பாகத்தையும் இரண்டாம் பாகத்தையும் பார்த்த மாதிரி இருந்தது.

3பிஎச்கேவைத் தியேட்டரில் அப்பா அம்மாவோடு பார்த்தேன். பறந்து போ ஆகஸ்டில் ஓடிடிக்கு வந்த பிறகு வீட்டில், மனைவியோடும் எட்டு வயது மகனோடும். எனக்குப் படம் பார்ப்பது என்றால் மாதத்துக்கு ஒரு தடவை தியேட்டர், மிச்சமெல்லாம் ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு ஹாலில் பாய் விரித்துப் போட்டு. ஒளிப்பதிவைப் பற்றியெல்லாம் யாராவது சொன்னால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேனே தவிர, நானாக எதையும் கண்டுபிடித்தது கிடையாது. அதனால் நான் இங்கே சொல்லப்போவது, இரண்டு படத்திலும் என் வீடு எங்கெங்கே மாட்டிக்கொண்டது என்பதைத்தான்.

முதலில் 3பிஎச்கே. அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய ஒரு சிறுகதையிலிருந்து எடுத்தது, இயக்கம் ஸ்ரீ கணேஷ். ‘8 தோட்டாக்கள்’ எடுத்தவர்தான். துப்பாக்கி தொலைந்துபோகிற கதையில் பேர் வாங்கியவர், துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் அதைவிடப் பயங்கரமான ஒன்றை எடுத்திருக்கிறார்: நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்புக் கணக்கு. வாசுதேவனாக சரத்குமார், சாந்தியாக தேவயானி, மகன் பிரபு சித்தார்த், மகள் ஆர்த்தி மீதா ரகுநாத். வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போக வேண்டும், மூன்று படுக்கையறை வேண்டும். அவ்வளவுதான் கதை. பணம் சேரும், ஏதாவது ஒரு செலவு வந்து உட்காரும். காலேஜ், ஆஸ்பத்திரி, கல்யாணம். மறுபடி முதலிலிருந்து சேர்ப்பார்கள், அதற்குள் வீட்டு விலை ஏறிவிட்டிருக்கும்.

இந்த விலை ஏறுகிற விஷயத்தைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. சம்பளக்காரன் மாசம் ஒரு தொகை என்று ஒழுங்காகத்தான் சேர்க்கிறான், மனை விலை அப்படி ஒழுங்காக ஏறுவதில்லை, திடீரென்று பக்கத்தில் ஒரு ஐடி கம்பெனி வரும், ஒரு ரோடு போடுவார்கள், மூணு வருஷச் சேமிப்பை ஆறு மாசத்தில் தாண்டிப் போய்விடும். இதை யாரும் வசனமாகச் சொல்லிக் கேட்டதைவிட, நாலு பேர் தரையில் உட்கார்ந்து நோட்டில் கூட்டிப் பார்க்கிற காட்சிகளில் எனக்கு நன்றாக உறைத்தது. தியேட்டரில் பக்கத்து சீட்டில் அப்பாவின் விரல் தன்னையறியாமல் சீட்டின் கைப்பிடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இடைவேளையில் அப்பா எழுந்திருக்கவே இல்லை. டீ வேண்டுமா என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். படம் முடிந்து பைக் எடுக்கிற இடத்தில்தான் வாய் திறந்தார். “மண்ணிவாக்கத்துல அந்த மனையை அப்பவே முடிச்சிருக்கணும்டா.” சென்னைப் புறநகரில் இருக்கிற அந்த மனையின் கதை எங்கள் வீட்டில் தீபாவளி, பொங்கல் மாதிரி வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பின அன்றைக்கு எனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டதாம். ஆக, எங்களுக்குச் சொந்த வீடு இல்லாததற்கு நான்தான் காரணம் என்று ஒரு மென்மையான குற்றச்சாட்டு முப்பது வருஷமாக என் மேல் நிலுவையில் இருக்கிறது. அதனால் பிரபு ஒவ்வொரு தடவை சறுக்கும்போதும் அப்பா முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல் நின்றானே, அந்த நிற்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. சரத்குமாரும் தேவயானியும் 1997-ல் ‘சூர்ய வம்சம்’ படத்தில் புருஷன் பொண்டாட்டி. அதில் ஒரே பாட்டு, அந்தப் பாட்டு முடிவதற்குள் இவர் பஸ் முதலாளி ஆகிவிடுவார், அந்த அம்மா கலெக்டர் ஆகிவிடுவார். அதே ஜோடி இருபத்தெட்டு வருஷம் கழித்து வந்து ஒரு ஃபிளாட் வாங்க முடியாமல் முழுப் படமும் மூச்சு வாங்குகிறது. தொண்ணூறுகளில் நாங்கள் எதை நம்பி வளர்ந்தோம் என்பதற்கும் இப்போது எங்கே வந்து நிற்கிறோம் என்பதற்கும் இதைவிட நல்ல நக்கல் கிடையாது. இயக்குநர் இதையெல்லாம் யோசித்துத்தான் அவர்களைப் போட்டாரா தெரியாது, ஆனால் அம்மா தியேட்டரிலேயே சொல்லிவிட்டாள்: “இவ அந்தப் படத்துல கலெக்டர்டி” என்று பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்.

சரத்குமார் இவ்வளவு அடங்கி நடித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெரிய உடம்பை ஒரு சாதாரண ஆபீஸ் ஆள் மாதிரி தோளைக் குறுக்கி வைத்துக்கொண்டு நடக்கிறார். சித்தார்த்தைப் பள்ளிக்கூட யூனிஃபார்மில் காட்டியதை மட்டும் என்னால் முழுசாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மீசையை எடுத்தால் வயசு குறைந்துவிடும் என்று நம்முடைய சினிமாவுக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் வேலைக்குப் போன பிறகு, பிடிக்காத வேலையில் தூங்காத முகத்தோடு உட்கார்ந்திருக்கிற சித்தார்த் பிரமாதம்.

என்னுடைய குறை வேறு. படம் நம்மை அழ வைத்தே தீருவது என்று முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறது. ஒரு அடி விழுந்து எழுந்திருப்பதற்குள் அடுத்த அடி, அதற்குள் அமிர்த் ராம்நாத்தின் இசை மேலே ஏறுகிறது. நல்ல இசைதான், பாட்டுகளைத் தனியாகக் கேட்டால் இதமாக இருக்கிறது, ஆனால் ஒரு காட்சி தானாகவே கனமாக இருக்கும்போது இசையும் வந்து தோளில் உட்கார்ந்தால் எப்படி? நானும் அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கினாலும் கண்ணீர் வரும். இன்னொரு கேள்வி, படம் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது: ஏன் மூன்று படுக்கையறைதான் வேண்டும்? முதலில் கிடைத்த காசுக்கு ஊருக்கு வெளியே ஒரு 2பிஎச்கே வாங்கிப் போட்டிருக்கலாமே? இதை அப்பாவிடம் கேட்டேன். “அவரவர் கனவு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கனவுக்குச் சதுர அடி கணக்கு கேட்கக் கூடாது போலிருக்கிறது.

சரி, பறந்து போ.

இயக்கம் ராம் என்றதும் என் மனைவி முதலில் மறுத்துவிட்டாள். ‘கற்றது தமிழ்’, ‘தங்க மீன்கள்’, ‘பேரன்பு’ எல்லாம் பார்த்து அவள் அடைந்த துயரத்துக்கு நான்தான் பொறுப்பு, ஏனென்றால் மூன்றுக்கும் கூட்டிக்கொண்டு போனது நான். குறிப்பாக தங்க மீன்கள், மகளின் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வழியில்லாத அப்பாவின் கதை, அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ‘இதுல மிர்ச்சி சிவா இருக்கார்’ என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். ராம் படத்தில் மிர்ச்சி சிவா என்பது கேட்கவே ஏதோ தவறுதலாக நடந்த மாதிரி இருக்கும். ‘தமிழ்ப் படம்’ பார்த்தவர்களுக்கு அவர் சீரியஸாக ஒரு வசனம் பேசினாலே அடுத்து ஒரு ஜோக் வரும் என்று காத்திருக்கத் தோன்றும். அதுதான் இந்தப் படத்துக்கு ஒத்துப்போகிறது. கடன்காரன் துரத்துகிற கோகுல் என்கிற அப்பா, பயத்தைக் காட்டிக்கொள்ளத் தெரியாமல் அசட்டுச் சிரிப்பு சிரித்துச் சமாளிக்கிற ஆள். சிவாவுக்கு அந்தச் சிரிப்பு பிறவியிலேயே வந்தது.

கோகுலும் குளோரியும் கலப்புத் திருமணம் செய்துகொண்டவர்கள், சென்னையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள், இரண்டு பேரும் வேலை வேலை என்று ஓடுகிறார்கள். மகன் அன்பு பூட்டின வீட்டுக்குள் தனியாக இருக்கிறான். குளோரி, நடித்தது கிரேஸ் ஆண்டனி, வெளியூரில் கண்காட்சியில் சேலைக் கடை போட்டிருக்கும் சமயத்தில் இஎம்ஐ வசூலிக்க வருகிற ஆளிடமிருந்து தப்பிக்க அப்பன் கிளம்புகிறான், வெளியே போனால் போதும் என்று மகன் கிளம்புகிறான், இரண்டு பேரும் ஒரே வண்டியில். அதன் பிறகு கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ரோடு, குன்று, குளம், யாராவது ஒருவர் வீடு, மறுபடி ரோடு. பையன் மேலே ஏறுவான், அப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு கீழே நின்று கத்துவான்.

என் பையன் முதல் பத்து நிமிஷத்திலேயே என் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தான், அவ்வளவுதான். நாங்களும் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி விட்டு வந்ததிலிருந்து மனைவி வருகிற வரைக்கும் அவன் தனியாகத்தான் இருக்கிறான், கதவை வெளியே பூட்டுவதில்லை, உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். இந்த வித்தியாசத்தைப் பெரிய தர்ம நியாயம் மாதிரி மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கீழே விளையாடலாம் என்றால் ஹவுஸ் ஓனருக்குப் பந்து சத்தம் ஆகாது. வருஷா வருஷம் பதினொரு மாச அக்ரிமெண்ட் புதுப்பிக்கும்போது வாடகையோடு சேர்த்து இந்தப் பந்து விஷயத்தையும் ஞாபகப்படுத்துவார்.

3பிஎச்கேவில் நான் மகனாக உட்கார்ந்திருந்தேன். அங்கே எனக்கு அப்பாவைப் பார்த்துப் பாவமாக இருந்தது. பறந்து போவில் என்னை அப்பா நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள், அங்கே பாவப்படுவதற்கு ஆள் யாரும் இல்லை, நானேதான் மாட்டிக்கொண்டேன். கண்ணீர் முதல் படத்தில்தான் அதிகம் வந்தது. தூக்கம் போனது இரண்டாவது படத்தில்தான்.

பள்ளிக்கூட விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 3பிஎச்கேவில் மார்க் வாங்காத மகன் குடும்பத்தின் சுமை. அவனும் அப்படித்தான் தன்னை நினைத்துக்கொள்கிறான், நாமும் சீட்டில் உட்கார்ந்துகொண்டு பாஸ் ஆகிவிடுடா என்று வேண்டுகிறோம். அவனுக்கு வேறு எதில் விருப்பம் என்று அந்த வீட்டில் கேட்கவே பல வருஷம் ஆகிவிடுகிறது. படம் அந்தத் தாமதத்தைக் காட்டுகிறது, ஆனால் கடைசிவரைக்கும் அந்த வீட்டு ஆசையைக் குறைசொல்ல அதற்கு மனசு வரவில்லை. பறந்து போவில் இந்த ஓட்டத்தின் மேலேயே ஒரு கேலி. தாங்க முடியாத ஃபீஸில் ஒரு ஸ்கூல், அதற்காகக் கடன், கடனுக்காக ஓட்டம், ஓட்டத்தினால் பையனோடு இருக்க நேரம் இல்லை. யாருக்காக ஓடுகிறார்களோ அவனைத்தான் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இதைத் தங்க மீன்கள் எடுத்த அதே ஆள் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பன்னிரண்டு வருஷத்தில் அவருக்குக் கோபம் குறைந்துவிட்டதா, இல்லை கோபத்தைச் சிரிப்புக்குள் மடித்து வைக்கக் கற்றுக்கொண்டாரா, என்னவோ, எனக்கு இது பிடித்திருந்தது.

பாட்டிலும் இரண்டு படமும் எதிரெதிர்த் திசை. பறந்து போவில் சந்தோஷ் தயாநிதி இசையில் மதன் கார்க்கி எழுதிய குட்டிக் குட்டிப் பாட்டுகள், ஒரு நிமிஷம் வரும், போய்விடும், பையன் மனசுக்குள் ஓடுகிற மாதிரி. பின்னணி இசை மட்டும் யுவன். சில இடங்களில் இந்தப் பாட்டுகள் கொஞ்சம் அதிகம்தான், நடுவில் ஒரு அரை மணி நேரம் படமும் பையன் மாதிரியே எங்கே போகிறோம் என்று தெரியாமல் திரிகிறது. அப்போது எங்களோடு வந்து தங்கியிருந்த என் அப்பா ஹாலுக்கு வந்து இருபது நிமிஷம் பார்த்துவிட்டு “இதுல கதை எப்ப ஆரம்பிக்கும்?” என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு படமும் இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான், ஆனால் 3பிஎச்கேவில் இருபது வருஷம் போகிறது, இதில் சில நாள்தான்.

கோகுலின் பள்ளிக்கூடத் தோழி வனிதாவாக அஞ்சலி வருகிற பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய தோழி வீட்டுக்குப் போகிற காட்சி என்றாலே நம்முடைய படங்களில் பெருமூச்சும் பின்னணியில் வயலினும் வந்துவிடும். இதில் அஜு வர்கீஸ் நடித்த கணவர் பாத்திரம் அதை எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது! இரண்டு குடும்பம் உட்கார்ந்து சிரித்துப் பேசிச் சாப்பிடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

ஆனால் மனைவிக்கு இந்தப் படத்தின் மேல் ஒரு புகார் உண்டு, அது நியாயமானது என்று பட்டதால் எழுதுகிறேன். “அப்பனும் பிள்ளையும் ஊர் சுத்துறாங்க, அவ நின்னுக்கிட்டே சேலை விக்கிறா. பறந்து போனது யாரு?” என்றாள். குளோரியிடம் போனில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள், கோபப்படுகிறாள், கிரேஸ் ஆண்டனி வந்தால் திரையே கலகலப்பாகிறது, எல்லாம் சரி. ஆனால் பயணத்தின் சந்தோஷத்தில் பெரும்பங்கு ஆண்பிள்ளைகளுக்குத்தான். 3பிஎச்கேவை எடுத்தால் இன்னும் மோசம். தேவயானியின் சாந்தி நல்லவள், பொறுமையானவள், அதற்கு மேல் அவளைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஆர்த்தியின் கல்யாண வாழ்க்கை கசந்துபோகிற பகுதியில் மீதா ரகுநாத் ஒரே ஒரு முகத்தில் அத்தனையும் சொல்கிறார், ‘குட் நைட்’டிலும் அப்படித்தான், ஆனால் படம் அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு உடனே மறுபடி அப்பா மகன் கதைக்கு ஓடிவிடுகிறது. எனக்கு ஆர்த்தியின் கதையை மட்டும் தனியாக இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டும் போலிருந்தது.

“அப்ப உனக்கு எந்தப் படம்தான் பிடிக்கும்?” என்றதற்கு அவள் யோசிக்காமல் சொன்னது ‘குடும்பஸ்தன்’. அது அதே வருஷம் ஜனவரி 24-ல் வந்தது, நாங்கள் ஜீ5-ல் பார்த்தோம். இந்த இரண்டு படச் சண்டையில் அது ஏன் வருகிறது என்று கேட்டால், மூன்றுக்குமே மூலப்பொருள் ஒன்றுதான்: மாசம் ஒண்ணாம் தேதி.

குடும்பஸ்தனில் வீட்டுக் கனவு எல்லாம் கிடையாது, இந்த மாசத்தைத் தாண்டினால் போதும். கோயம்புத்தூரில் டிசைனராக வேலை பார்க்கிற நவீன், ஜாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவன், வேலை போகிறது, வீட்டில் சொல்லவில்லை, கடன் வாங்குகிறான், அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன், அப்புறம் பேக்கரி. ராஜேஷ்வர் காளிசாமி இயக்கம், யூடியூபில் காமெடி எடுக்கிற நக்கலைட்ஸ் குழுவிலிருந்து வந்தவர்கள் என்பதால் வசனத்தில் கொங்கு நக்கல் வஞ்சனையில்லாமல் ஓடுகிறது. மணிகண்டனைப் பற்றி என்ன சொல்வது, ‘ஜெய் பீம்’ ராஜாக்கண்ணுவும் இந்த நவீனும் ஒரே ஆள் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அக்கா வீட்டுக்காரராக குரு சோமசுந்தரம், ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிற அந்த ஒரு மாப்பிள்ளை, கையில் காசு இருப்பதால் வாயில் உபதேசம் இருக்கிற மாப்பிள்ளை. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே உறவினரின் பெயரைச் சொன்னோம்.

நவீனின் மனைவி வெண்ணிலா ஐஏஎஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவள். சூர்ய வம்சத்தில் ஒரு பாட்டில் முடிந்த காரியம் இங்கே ஃபீஸ், புத்தகம், மாமியார் பேச்சு என்று படம் பூராவும் இழுக்கிறது. அதனால்தான் மனைவிக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன், அவளும் கல்யாணத்துக்குப் பிறகு குரூப் 2 எழுதினவள்.

கடன் எப்படி வேலை செய்யும் என்பதை இந்த மூன்றில் சரியாகச் சொன்னது குடும்பஸ்தன்தான். 3பிஎச்கே குடும்பத்தின் கஷ்டம் கௌரவமான கஷ்டம், சேமிப்புக் கரைகிறதே தவிர யாரும் வாசலில் வந்து கத்துவதில்லை. பறந்து போவில் வசூல் ஆள் ஒரு வேடிக்கைக்காரன் மாதிரி, கதையைத் தள்ளிவிட ஒரு சாக்கு. ரோட்டில் இறங்கிவிட்டால் இஎம்ஐ மறந்துபோகும் என்பது படத்தில் நன்றாக இருக்கிறது. நிஜத்தில் தேதி தவறினால் அபராதமும் வட்டியும் ஏறிக்கொண்டே போகும், வீட்டுக் கடனில் முதல் சில வருஷம் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும், அசல் அசையவே அசையாது. குடும்பஸ்தனில் செல்போனில் வாங்குகிற கடனும், அது கொடுக்கிற அவமானமும், அதை மறைக்கச் சொல்கிற பொய்யும் சிரித்துக்கொண்டே வயிற்றில் கை வைக்கும். ஆனால் இரண்டாம் பாதியில் ஒரே மாதிரி விழுந்து விழுந்து எழுந்திருப்பதில் அலுப்புத் தட்டியது, ஒரு இருபது நிமிஷத்தை வெட்டியிருந்தால் என் மகனும் தூங்காமல் பார்த்திருப்பான். இன்னொன்று, ‘பயணங்கள் முடிவதில்லை’ எடுத்த ஆர். சுந்தர்ராஜன் இதில் அப்பா. அவரை இவ்வளவு நாள் பயன்படுத்தாமல் விட்டது யார் குற்றம்?

மே 1-ல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அம்மா உத்தரவு. சேர்க்கிறேன், ஆனால் அது வேறு சாதி. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் ஊர் பேர் மறைத்துக் குடியேறுகிற குடும்பம். சசிகுமார், சிம்ரன், பெரிய பையனாக மிதுன் ஜெய்சங்கர், சின்னப் பையனாக கமலேஷ். அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம் என்று நம்ப முடியவில்லை. மற்ற மூன்று படத்திலும் பணம் இல்லாதது பிரச்சனை. இதில் வாய் திறந்து பேசினாலே மாட்டிக்கொள்வோம் என்ற பயம், அதை ஒரு தெருவே சேர்ந்து கரைத்துவிடுகிறது. மனுஷர்கள் எல்லாரும் இவ்வளவு நல்லவர்களா என்று எனக்குச் சந்தேகம், அம்மாவுக்கு இல்லை. அவள் இரண்டு தடவை பார்த்துவிட்டாள்.

அப்பாவிடம் கேட்டால், இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், வீடு பற்றிப் படம் என்றால் பாலு மகேந்திராவின் ‘வீடு’தான் என்பார். 1988. அர்ச்சனாவும் தாத்தாவாக சொக்கலிங்க பாகவதரும், பாதி கட்டின வீடும், மழையும். அதில் அழுகைக்கு இசை தேவைப்படவில்லை என்று நான் சொன்னால் உடனே 3பிஎச்கேவுக்குப் பரிந்துகொண்டு வருவார். இவருக்கு இரண்டு படமும் வேண்டும், என்னிடம் மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடு என்பார்.

தேர்ந்தெடுக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்து, சொந்த வீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 3பிஎச்கேவை அவர்களோடு பாருங்கள், தனியாகப் பார்க்காதீர்கள், தனியாகப் பார்த்தால் அது வெறும் அழுகைப் படம். மாசக் கடைசியில் குடும்பஸ்தனைத் தொடவே தொடாதீர்கள், சம்பளம் வந்து இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது, மறுபடி பார்ப்பேன் என்று தோன்றுவது, குறைகளோடும் நடுவில் திரிகிற அந்த அரை மணி நேரத்தோடும் சேர்த்து, பறந்து போதான். ஆனால் ஒரு எச்சரிக்கை. குழந்தையோடு பார்த்தால் அடுத்த நாளே செலவு இருக்கிறது.

எங்களுக்கு வந்த செலவு திருநீர்மலை. பல்லாவரத்திலிருந்து பக்கம்தான், இத்தனை வருஷத்தில் கீழே ரோட்டில் ஆயிரம் தடவை போயிருப்போம், மேலே ஏறியது கிடையாது. பையன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஷூ போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தான். அப்பாவும் வருகிறேன் என்றார், முழங்கால் வலியோடு. மனைவியை எழுப்பினேன், போன தடவை யார் பறந்தது என்று கேட்டவளை விட்டுவிட்டுப் போக முடியாதே. பையன் நாலு நாலு படியாகத் தாண்டி மேலே போய்விட்டான், அவள் பின்னாலேயே. நானும் அப்பாவும் பாதியில் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுக்கக் கட்டடம். அப்பா கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

“மண்ணிவாக்கம் அந்தப் பக்கம்தானே வரும்?”